எட்டு மாதமாகப் பாப்பா போகும் டிஜிட்டல் ஓவிய வகுப்பு: ஒரு பிரிண்டிங்காரனின் பார்வை

என் மகள் எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கும் டிஜிட்டல் ஓவிய வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். இடம் திருப்பூர், அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் பனியன் குடோனுக்கு மேலே இருக்கும் மாடி. பெயர்ப் பலகை கிடையாது. "எட்டுப் பேருக்கு மேல உட்கார வைக்க முடியாதுங்ணா, பேரைப் போட்டுட்டா வர்றவங்களத் திருப்பி அனுப்போணும், அது சங்கடம்" என்று நடத்துகிறவர் கேட்டுக்கொண்டதால் பெயரையும் எண்ணையும் நான் இங்கே போடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பிள்ளைக்கு இப்படி ஒரு வகுப்பு தேடுகிறவர்கள் எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும், கோவையிலோ ஈரோட்டிலோ கரூரிலோ இதே மாதிரி ஒருவர் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நான் 18 வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பாப்பா பத்தாவது முடித்து பதினொன்றாவது போகிறாள். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் பூராவும் படம்தான். முந்தின வருடம் வேறொரு இடத்தில் மூன்று மாத வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டிச் சேர்த்தேன். அங்கே ஒருவர் ஸ்லைடு போட்டு இது பிரஷ், இது லேயர், இது கலர் வீல் என்று ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொண்டே போனார், கடைசி வாரம் சான்றிதழ் கொடுத்தார்கள், பாப்பா வீட்டுக்கு வந்து பழையபடி நோட்டின் ஓரத்தில்தான் வரைந்தாள். மூன்று மாதத்தில் அந்த வாத்தியார் ஒரு கோடு இழுத்து அவள் பார்த்ததில்லை. அதை அவளே ஒருநாள் வண்டியில் வரும்போது சொன்னாள், "அந்த சாருக்கு வரையத் தெரியுமான்னே எனக்குத் தெரியலீங்ப்பா."

இங்கே முதல் நாள் போனபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. சனி, ஞாயிறு மூன்று மணி முதல் ஆறு மணி வரை. நடுவில் ஒரு மேசை, அதில் அவர். பன்னிரண்டு பதிமூன்று வருடம் சென்னையிலும் பெங்களூரிலும் அனிமேஷன், கேம் கம்பெனிகளில் பின்னணிக் காட்சிகள் வரைந்துவிட்டு அப்பா அம்மாவுக்காக ஊருக்குத் திரும்பியவர், இப்போதும் வெளியூர் வேலைகளை இங்கிருந்தே செய்கிறார். அவருடைய திரை அப்படியே சுவரில் இருக்கும் டிவியில் தெரிகிறது. சுற்றி எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு பென் டேப்லெட், அதாவது பேனாவால் வரையும் பலகை. பாடம் என்று எதையும் ஆரம்பிக்கவில்லை. "இன்னைக்கு மழை பேஞ்சு ஓஞ்ச தெரு, நான் பஸ் ஸ்டாண்டு வரையறேன், நீங்க உங்க தெருவ வரைங்க" என்றார், எல்லோரும் வரைய ஆரம்பித்துவிட்டார்கள், அவரும்தான்.

அவர் வரைந்துகொண்டே பேசுகிறார், எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதை விடுகிறார், ஏன் விடுகிறார் என்று. "இந்த பஸ்ஸு இங்க நின்னா கண்ணு அதுலயே போய் நிக்குது, தள்ளி வெச்சுப் பாக்கறேன்… ம்ஹும், இப்ப இடது பக்கம் காலியாயிருச்சு." அன்டூ, மறுபடி அன்டூ, முக்கால் மணி நேரம் போட்ட வானத்தை லேயரோடு, அதாவது அது இருக்கும் கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கோடு, தூக்கிக் கடாசுகிறார். பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். இணையத்தில் இருக்கும் வீடியோக்களில் பிழையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு ஓட்டத்தைக் கூட்டி நாலு நிமிடத்தில் ஓவியம் முடிந்துவிடும், அதைப் பார்க்கிற பிள்ளை தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. பாப்பா அப்படித்தான் நினைத்திருந்தாள். இத்தனை வருட அனுபவம் உள்ள ஆளுக்கும் வானம் மூன்றாவது தடவைதான் வந்தது என்று கண்ணால் பார்த்த அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். மென்பொருள் க்ரிட்டா. முழுக்க இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், வீட்டில் இருக்கும் சுமாரான கம்ப்யூட்டரே போதும். ஐபேட் வைத்திருக்கும் ஒரு பையன் மட்டும் ப்ரோக்ரியேட்டில் வரைகிறான், அதை வாங்கச் சொல்லி யாரையும் அவர் கட்டாயப்படுத்துவதில்லை. டேப்லெட் திரை இல்லாத சாதாரண வகை, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பேனாவுக்கு பேட்டரி கிடையாது, பலகையிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே அது வேலை செய்கிறது, அழுத்தினால் கோடு தடிக்கும். கை கீழே, கண் மேலே திரையில் என்பதால் முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள், பயப்பட வேண்டாம், பழகிவிடும். கோட்டை நேராக்கிக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் என்ற வசதியை முதல் மாதம் முழுக்க அணைத்து வைக்கச் சொல்கிறார். கை நடுங்கினால் நடுங்கட்டும், தோள்பட்டையிலிருந்து கோடு வர வேண்டும் என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது காளை வரைந்த மாதம். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு போனார், நானும் வண்டி ஓட்டிப் போனேன். கட்டுத்தரையில் இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஒரு பூச்சிக்காளை, இரண்டு மாடு, ஒரு கன்று. டேப்லெட் எதுவும் இல்லை, நோட்டும் பென்சிலும்தான். தோட்டத்துக்காரர் வந்து நின்று, இது மயிலை (சாம்பல் நிறம்), அது காரி (கறுப்பு), கன்னுக்குட்டி செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசத்துல நெறம் மாறீரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காளையின் திமிலும் முன்னங்காலும் தொடையும் நன்றாகக் கருத்து, நடு உடம்பு சாம்பலாக வெளுத்து இருப்பதை அவர் கை வைத்துக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் வண்ணம் போட்டபோது பார்த்தால் ஒரு காளை சுண்ணாம்பு வெள்ளை, ஒன்று தார்க் கறுப்பு, மிச்சமெல்லாம் சிமெண்டுச் சாம்பல். வாத்தியார் யாரையும் திருத்தவில்லை. தன் காளையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் போட ஆரம்பித்தார். "கண்ணு, கண்ணைப் பாதி மூடிப் பாரு, எது கருப்பு எது வெளுப்புன்னு மட்டும் தெரியும், கலரெல்லாம் அப்பறம்." பிறகு ஒரு கறுப்பு லேயரை மேலே வைத்து அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் முறையை கலர் என்று மாற்றினார், படம் மொத்தமும் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, அவர் போட்ட திமிலும் பின்னால் இருந்த பனைமரமும் ஒரே அடர்த்தியில் ஒட்டிக்கொண்டிருந்தன. "அட, நானும் ஏமாந்துட்டேன்" என்று சொல்லி மரத்தை வெளுக்க வைத்தார்.

அதற்கப்புறம் கீபோர்டில் எம் பொத்தானை அமுக்கினார், படம் கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலமாகத் திரும்பியது, கொம்பு ஒருபக்கம் இழுத்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. எட்டுப் பேரும் தங்கள் படத்தையும் திருப்பிப் பார்த்தார்கள், அறை முழுக்க "ஐயோ" சத்தம். கடைசியில் வயிற்றுக்கடியில் அவர் லேசாகச் சிவப்பு வைத்தபோது பாப்பா, "ஏனுங்ணா அங்க செவப்பு?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, "நீ நின்ன எடத்துல தரை என்ன நெறம்?" என்றார். செம்மண். வெயில் மண்ணில் பட்டு எகிறி வயிற்றில் விழுகிறது. எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், எத்தனை மாடு பார்த்திருக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு நாள் ஒரு பையன் ஏஐ போட்டுக் கொடுத்த காளைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் திரையில் போட்டு, மேலே ஒரு லேயர் வைத்து, "தோட்டத்துல பாத்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சிவப்புல சுத்திக் காட்டு" என்றார். கொம்பு வளைவு தப்பு, திமில் வடக்கத்தி மாட்டுத் திமில், கால் குளம்பு பிளவே இல்லை. பையன் பன்னிரண்டு இடத்தில் சுற்றினான். நேரில் போய் வரையாமல் இருந்திருந்தால் அவனால் ஒன்றுகூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவனே அந்தப் படத்தை மூடிவிட்டுத் தன் படத்தைத் தொடர்ந்தான்.

சரி, எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வருகிறேன். பாப்பா தன் காளையை டீஷர்ட்டில் அடித்துத் தரச் சொன்னாள். ஃபைலைத் திறந்து பார்த்தால் 1080 பிக்சல் அகலம், இன்ஸ்டாகிராம் அளவு. நெஞ்சில் 12 அங்குலம் வர வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 90 புள்ளிதான் விழும், ஓரமெல்லாம் பிசிறடிக்கும். 300 வேண்டுமென்றால் 3600 பிக்சலில் ஆரம்பித்திருக்க வேண்டும். இதை வகுப்பில் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது, கோபமில்லை. "ஆமாங்ணா, நான் வாழ்க்கை பூராவும் திரைக்கே வரைஞ்சவன், துணிக்கு வரைஞ்சதில்ல, அடுத்த வாரம் நீங்க உட்கார்ந்து சொல்லிக்குடுங்க, நானும் பாக்கறேன்" என்றார்.

போனேன். பட்டறையிலிருந்து ஒரு பழைய ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்), பிலிம், கறுப்புத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், எங்கள் டேபிளில் ஆறு கலர்தான் கட்டுப்படியாகும், கறுப்புத் துணி என்றால் முதலில் ஒயிட் பேஸ், அதாவது வெள்ளை அடிப்பூச்சு, அடித்துக் காய வைத்து அதற்கு மேல்தான் மற்றதெல்லாம், இல்லையென்றால் மஞ்சள் செத்துப்போகும், சாம்பலின் ஏற்ற இறக்கத்தை மையின் அடர்த்தியால் காட்ட முடியாது, சின்னதும் பெரிதுமான புள்ளிகளால்தான் காட்ட வேண்டும், திரையில் எரிகிற அந்தப் பச்சை சாதாரண மையில் வராது. இதையெல்லாம் சொன்னேன். அவரும் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தன் காளையை ஆறு கலருக்குக் குறைக்க உட்கார்ந்தார். அவருக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது, முப்பது நாற்பது சாம்பல் போட்டுப் பழகிய கை. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அவருக்கு முன்னால் முடித்துவிட்டாள், எப்படிச் செய்தாய் என்று அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று கேட்டார். தெரியாததைப் பிள்ளையிடம் கேட்கிற வாத்தியாரை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வகுப்பை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் வேலையை முடித்துக் கொடுக்கும் நாள் நெருங்கினால் அரை மணி, முக்கால் மணி தன் படத்திலேயே மூழ்கிவிடுகிறார், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கையைத் தூக்கத் தயங்கிச் சும்மா உட்கார்ந்திருக்கும், பாப்பாவுக்கே இரண்டு தடவை அப்படி நடந்தது. மனித உருவம், உடற்கூறு எல்லாம் வரிசையாகச் சொல்லித்தருவதில்லை, தேவைப்படும்போது மட்டும்தான் வருகிறது. நிஃப்ட் (ஃபேஷன் டெக்னாலஜி கல்லூரி) போன்ற நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் இது இடமில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது சிரமம், ஒரு குட்டிப் பையன் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டான். மாதாந்திர மின் நிறுத்தம் சனிக்கிழமை விழுந்தால் அன்று பென்சில்தான். மாடிப்படி செங்குத்து, தாத்தா பாட்டி கொண்டுவந்து விடுவதாக இருந்தால் கீழேயே நின்றுகொள்ளச் சொல்லுங்கள். சான்றிதழ் கிடையாது. என் மச்சான் அதைக் கேட்டுவிட்டு, அப்பறம் எதுக்கு மாப்ள பணம் கட்டறீங்க என்றார், அவரிடம் பாப்பாவின் முதல் மாதக் காளையையும் இந்த மாதக் காளையையும் போனில் அடுத்தடுத்துக் காட்டினேன், அப்புறம் அவர் பையனையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

கட்டணம் மாதம் 2,500 ரூபாய், அந்தந்த மாதம் கட்டினால் போதும், மொத்தமாகக் கேட்பதில்லை. டேப்லெட் இல்லாத பிள்ளைகளுக்கு அவரிடம் பழையது இரண்டு இருக்கிறது, வகுப்பில் வைத்து வரையலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சேருவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார், அதற்குக் காசு இல்லை. வேறு ஊரில் தேடுகிறவர்களும் இதைக் கேளுங்கள், ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று, விட்டால் சொல்லித்தருகிறவரின் பேனா நகர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பாப்பாவின் காளையைக் கடைசியில் ஆறு ஸ்கிரீனில் அடித்தோம். ஞாயிறு காலை பட்டறைக்கு வந்து அவளே ஸ்குவீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுத்தாள், முதல் இரண்டு பீஸில் ஒயிட் பேஸ் விலகிவிட்டது, மூன்றாவது சரியாக விழுந்தது. விலகின இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அவர், அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மேசை மேல் விரித்துப் போட்டுப் பேச வேண்டுமாம்.