மரங்களை நம்பி ஆடலாமா? டோரன் கமாண்டர் டெக், நெடுநாள் அனுபவம்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் தீம் டெக் (ஒரே கருவைச் சுற்றி அமைத்த கார்டுக் கட்டு) கட்டுபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். டிராகன் பிடித்தால் டிராகன் டெக், பூனை பிடித்தால் பூனை டெக். எனக்கு மரங்கள். 2007இல் வந்த லார்வின் செட்டில் (கார்டுத் தொகுப்பில்) ட்ரீஃபோக் என்று நடமாடும் மரங்கள் உண்டு. அதே செட்டின் டோரன், தி சீஜ் டவர்தான் என் கமாண்டர், அதாவது டெக்கின் தலைமைக் கார்டு. சில வருடங்களாக அதிகம் ஆடுவது இந்த டெக்கைத்தான். படங்களின் அழகு சீக்கிரமே பழகிவிட்டது. இன்னும் அலுக்காமல் வைத்திருப்பது டோரன் கார்டில் இருக்கும் ஒரே ஒரு விதி.

மேஜையில் உள்ள எல்லா கிரீச்சர்களும் (சண்டை போடும் கார்டுகள்) சண்டையில் பவருக்கு (அடிக்கும் பலம்) பதிலாக டஃப்னஸ் (தாங்கும் பலம்) அளவுக்கு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மானாவுக்கு (கார்டை இறக்கச் செலவிடும் சக்தி) வரும் 0/5 டோரன், அதாவது பவர் 0, டஃப்னஸ் 5, ஐந்து அடிக்கும். எதிராளியின் கிரீச்சர்களுக்கும் இதே கதி என்பதுதான் வேடிக்கை: 5/1 ஆக வந்து மிரட்டுவது ஒன்றுதான் அடிக்கும். புதிதாக எதிரே உட்காருபவர் தன் கார்டை இரண்டு முறை எடுத்துப் படிப்பார்.

நன்றாக அமைந்த தொடக்கம் இப்படி இருக்கும். முதல் டர்னில் ஃபாரஸ்ட் (பச்சை மானா தரும் நிலக் கார்டு), ஒரு மானாவுக்கு ட்ரீஃபோக் ஹார்பிஞ்சர், 0/3. அது டெக்கைத் தேடி ஒரு ட்ரீஃபோக்கையோ ஃபாரஸ்ட்டையோ மேலே வைக்கும். நான் தேடுவது மர்மரிங் பாஸ்க். அதுவும் ஃபாரஸ்ட் வகைதான், ஆனால் வெள்ளை, கறுப்பு மானாவும் தரும். மூன்றாவது டர்னில் டோரன் இறங்கியதும், அதுவரை சும்மா நின்ற ஹார்பிஞ்சர் அப்போதே மூன்று அடிக்கப் போகும். நான்கு மானாவுக்கு 2/10 ஆக வரும் இண்டாமிடபிள் ஏன்ஷியன்ட்ஸ் அடுத்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

100 கார்டையும் மரமாகவே நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். என்னைக் கேட்டால் வேண்டாம். விதிக்கு உதவாத மரத்தைவிட, விதிக்கு உதவும் சுவர் வகைக் கிரீச்சரே மேல். வால் ஆஃப் ரூட்ஸ் ட்ரீஃபோக் கிடையாது, ஆனால் 0/5, மானாவும் தரும். சரி, வேர் என்று பெயரிலாவது இருக்கிறதே!

அப்புறம் ஃபெல் தி மைட்டி என்ற கார்டு. ஐந்து மானா, ஒரு கிரீச்சரைக் குறிவைத்தால் அதைவிடப் பவர் அதிகமுள்ளவை எல்லாம் அழியும். டோரனைக் குறிவைப்பேன். பவர் 0 என்பதால் ஹார்பிஞ்சரும் சுவரும் நிற்கும், எதிர்ப்பக்கம் அநேகமாகத் துடைத்ததுபோல் ஆகிவிடும். டிம்பர் ப்ரொடெக்டர் என்ற இன்னொரு மரம் இருக்கும்போது மட்டும் கணக்கு மாறும்: அது மற்ற ட்ரீஃபோக்குக்கு +1/+1 தருவதால் டோரனின் பவர் 1 ஆகிவிடும். கூடவே இன்டிஸ்ட்ரக்டிபிளும் (அழிக்க முடியாத தன்மை) தருவதால் மற்ற மரங்கள் தப்பிக்கும், 4/6 ஆன ப்ரொடெக்டர் மட்டும் போகும்.

குறை? டோரன் போனால் பாதி டெக் பொம்மைதான். இரண்டு முறை கொன்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் விலை ஏறி, மூன்றாம் முறை இறக்க ஏழு மானா. அசால்ட் ஃபார்மேஷன் என்ற கார்டு அதற்காகவே இருக்கிறது. என் கிரீச்சர்களுக்கு மட்டும் அதே விதி, கூடவே ஒரு பச்சை மானா கொடுத்தால் டிஃபெண்டர் (தாக்கப் போக முடியாத) சுவரையும் அடிக்க அனுப்பலாம். இதே வேலையைச் செய்யும் ஹை அலர்ட்டில் நீலம் இருப்பதால் டோரனின் கலர் ஐடென்டிட்டிக்குள் (டெக்கில் அனுமதிக்கப்படும் நிறங்கள்) வராது.

இன்னும் தீராத தலைவலி பறக்கும் கிரீச்சர்கள். மரங்கள் தரையிலேயே நிற்கும், 6/6 டிராகன் தலைக்கு மேலே போய் ஆறு அடிக்கும். டோரன் விதி அதை ஒன்றும் செய்யாது. அதனால் ஒற்றைக் கிரீச்சரை அழிக்கும் கார்டுகளுக்கு இடம் ஒதுக்க, மரங்களைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து எந்த மரத்தை எடுப்பது என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை.