கீமோ நடக்கும்போது அக்குபஞ்சர் போகிறீர்களா? ஜெலுத்தோங்கில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்

என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். இடது பக்கம் அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் கீமோ. மருந்து ஏற்றிவிட்டு வந்தால் சோறு வேகும் வாசனைகூட ஆகாது. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து தொடங்கியதும் விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே சிரமப்பட்டார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்கு அழைத்துப் போனோம்.

அக்குபஞ்சரே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரற்கடை மேலே, உள்பக்கம், நைகுவான் என்று ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே ஊசி வைத்தால் கீமோ குமட்டல் குறையும் என்பதை 1997லேயே அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு ஏற்றுக்கொண்டது. குமட்டல் மாத்திரையோடு சேர்த்துத்தான், மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல. விரல் மரத்துப்போவதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. நாங்கள் போன இடத்திலோ எல்லாமே சரியாகிவிடும் என்றார்கள். 2,400 வெள்ளி (ரிங்கிட்), முழுவதும் முன்பணம்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையை யாரும் கேட்கவில்லை. கீமோ ஏற்றியபின் வெள்ளையணுக்கள் இறங்கும், தட்டணுக்களும் இறங்கலாம். அந்த நேரத்தில் ஊசி குத்தினால் கிருமித் தொற்று, ரத்தக்கசிவு என்று வேறு தொல்லை. எண்ணிக்கையைப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பவர் புற்றுநோயாளிக்கு வைத்தியம் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து.

ஊசி போடுபவர் இடது கையைத் தொட்டபோது அண்ணியே சொன்னார்: “இந்தக் கையில ஊசி, பிரஷர் எதுவும் வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க.” பதில் என்ன தெரியுமா? “இது ரத்தம் எடுக்கிற ஊசி இல்லம்மா, முடி மாதிரி. ஒண்ணும் ஆகாது.” குத்திவிட்டார். சில நாளில் அந்தக் கை வளையல் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கியது. ஊசிதான் காரணம் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கணு எடுத்த கையில் குத்தியிருக்கவே கூடாது என்றார். இப்போது அழுத்த உறையும் பயிற்சியுமாக இருக்கிறார்.

இதைவிடக் கோபம் வந்தது அவர்கள் கொடுத்த மூலிகைப் பொடி விஷயத்தில்தான். பெயரே இல்லாத பொட்டலம். பதிவு செய்த பாரம்பரிய மருந்தென்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்க வேண்டும். இதில் ஒன்றுமில்லை. பாக்லிடாக்சலைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். அதே கல்லீரலில் என்னவென்று தெரியாத மூலிகையும் போய்ச் சேர்ந்தால்? போதாக்குறைக்கு, “அடுத்த கீமோவைத் தள்ளிப் போடுங்க, உடம்பு தாங்காது” என்று அறிவுரை வேறு! புற்றுநோய் குணமாகும் என்று சுவரில் ஒரு சுவரொட்டி. மலேசியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்யவே கூடாது.

2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஊசி போடுபவர் அதற்கான மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டோம். ஏதோ குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார்கள். அரசாங்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: பினாங்கிலேயே உள்ள கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு நடக்கிறது. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் காரணத்தையும் கேளுங்கள், ரத்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, ரசீதில் ‘வெல்னஸ் பேக்கேஜ், திருப்பித் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டி, வேண்டுமானால் கால் மசாஜ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீது, பொட்டலம், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இப்படிப் பணம் கட்டியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள்.