கேம்பர் வேனுக்கு டீசல் அடிட்டிவ்: எந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுக்கலாம்?

ஸ்பேர் கடை மேசையில் வரிசை கட்டி நிற்கும் டீசல் அடிட்டிவ் (டீசலோடு கலந்து ஊற்றும் மருந்து) பாட்டில்களில், படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேன் வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே உதவுபவை இரண்டே வகைதான். ஒன்று, இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் நாசில் முனையில் படியும் கரியைக் கரைக்கும் இன்ஜெக்டர் கிளீனர். இன்னொன்று, டேங்க்கில் பூஞ்சை பிடித்துவிட்டால் அதைக் கொல்லும் மருந்து. இரண்டுமே தேவைப்படும்போது மட்டும். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் ஊற்றச் சொல்லி விற்கப்படும் எதுவும், மதுரையைச் சுற்றி ஓடும் வண்டிக்கு வேண்டியதில்லை.

இணையத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பகுதி அமெரிக்க வண்டிக்காரர்கள் சொன்னது. அவர்கள் போடும் டீசல் வேறு. டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண் அங்கே குறைந்தது 40 இருந்தால் போதும், டீசலுக்கான நம் ஐ.எஸ். 1460 தரம் குறைந்தது 51 கேட்கிறது. வழவழப்பைச் சோதிக்கும்போது விழும் தேய்மானத் தழும்பு அங்கே 520 மைக்ரான் வரை இருக்கலாம். இங்கே 460ஐத் தாண்டக்கூடாது. அவர்களுக்குச் சீட்டேன் பூஸ்டரும் லூப்ரிகன்ட் பாட்டிலும் பயன்படலாம். நமக்கு அந்த வேலை பங்க்குக்கு லாரி வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. "பி.எஸ். 6 டீசலில் கந்தகம் இல்லை, பம்ப் காய்ந்துவிடும்" என்று பயமுறுத்தி விற்பவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல், பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதியால், கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு இறங்கியது உண்மை. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பு குறைவதும் உண்மை. அதை ஈடுகட்டி, 460 மைக்ரான் வரம்புக்குள் கொண்டுவந்த டீசல்தான் விற்பனைக்கு வருகிறது.

குளிருக்கு என்று விற்கும் 'ஆன்டி ஜெல்' பாட்டிலும் இப்படித்தான். கொடைக்கானலில் மார்கழி, தை விடியலில் புல்மேல் உறைபனி விழும். ஆனாலும் குளிர்கால டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்கக்கூடாது என்பது தரக் கணக்கு; 50 லிட்டர் டீசல் நிற்கும் டேங்க், விடியற்காலையின் இரண்டு மணி நேரக் குளிரில் அதற்குக் கீழே சட்டென்று இறங்கிவிடாது. அங்கே காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தால் முதலில் பாட்டரியையும், ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையும் பாருங்கள். லடாக் போகிறவர்கள் நிலைமை வேறு. அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலையே இந்தியன் ஆயில் 2019 முதல் தருகிறது.

இனி காசுக் கணக்கு. 70 லிட்டர் டேங்க், டீசல் லிட்டர் 92 ரூபாய், பாட்டில் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 11 ரூபாய் 40 காசு கூடுகிறது; அதாவது 12 சதவீதத்துக்கு மேல். 10 கிலோமீட்டர் கொடுக்கும் வேன் 11.2 கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். ஆரோக்கியமாக இருக்கும் இன்ஜினில் எந்தப் பாட்டிலும் அந்த அளவுக்கு மைலேஜைக் கூட்டாது. கேம்பர் வேனில் மைலேஜ் தின்பது எடைதான். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மதுரையிலேயே நிரப்பிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் 100 கிலோவைச் சுமந்து ஏறுகிறீர்கள். தங்கும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் கால் தொட்டியோடு கிளம்புங்கள். டயர் காற்றையும் கூடிய எடைக்கு ஏற்பப் பாருங்கள்.

இன்ஜெக்டர் கிளீனர் எங்கே வேலை செய்கிறது? கேம்பர் வேன் மாதக்கணக்கில் நிற்கும், எடுத்தால் ஊருக்குள் கொஞ்ச தூரம், முகாமில் ஏ.சி.க்காக மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும். இப்படி ஓடும் இன்ஜினில் நாசில் துளைகளைச் சுற்றிக் கரி படியும். டீசல் புகைபோலத் தூவாமல் சொட்டாக விழும். அறிகுறிகள்: காலையில் வெள்ளைப் புகை, ஐடிலில் ஏற்ற இறக்கம், பிக்கப் மந்தம், மிதித்தால் கறுப்புப் புகை. கரிதான் காரணம் என்றால் கிளீனர் உதவும். நாசில் தேய்ந்திருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்டினால், உள்ளே தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிடச் சட்டென்று நிறையும். அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பத்தான் வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி, எந்த சிலிண்டரில் இன்ஜின் ஓட்டம் மாறவில்லை என்று பார்ப்பார்கள்; கோளாறு அங்கேதான். இந்த வேலையைக் காமன் ரெயிலில் யாரும் செய்யக்கூடாது; மிக உயர்ந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஊற்றும் முறையும் முக்கியம். டேங்க் கால்வாசி இருக்கும்போது கிளீனரை முதலில் ஊற்றி, அதன்மேல் டீசல் போடுங்கள், அப்போதுதான் கலக்கும். லேபிளில் 250 மில்லி, 75 லிட்டருக்கு என்று இருந்து, டேங்க்கில் மொத்தம் 40 லிட்டர்தான் இருக்கப்போகிறது என்றால் 133 மில்லி போதும். கூட்டி ஊற்றினால் கூடுதலாகச் சுத்தம் ஆகாது. பிறகு ஊருக்குள் சுற்றாமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். இன்ஜின் சூடு குறையாமல் ஓடும், அதுவே பாதி மருந்து. டேங்க்கில் வெகுநாள் படிந்த அழுக்கும் இதில் கிளம்பி ஃபில்டருக்கு வரலாம். எனவே அந்த டேங்க் தீர்ந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். போகும்போதே புது ஃபில்டர் ஒன்றும் அதற்கான சாவியும் வண்டியில் இருக்கட்டும். பாட்டில் வேண்டாம் என்றால், கிளீனர் கலந்தே வரும் எக்ஸ்ட்ராகிரீன், டர்போஜெட் போன்ற டீசலை ஒரு டேங்க் போடலாம். லிட்டருக்குச் சில ரூபாய்தான் கூடும். எல்லா பங்க்கிலும் கிடைக்காது.

நின்றுகொண்டே இருக்கும் வேனுக்குப் பெரிய எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்க்கில் மீதி இடம் முழுக்க காற்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் நடுவே அந்த ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். தனுஷ்கோடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்துகிறவர்கள் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில்தான் பூஞ்சை வளரும். கறுப்பாக வழவழவென்று கொழகொழத்து ஃபில்டரை அடைக்கும். மலைப்பாதையில் திணறி நிற்கும் வண்டிகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும். டேங்க் குலுங்கும்போதுதான் அடியில் கிடந்தது மேலே வரும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் உண்டு. நிறுத்தப்போகும் முன் டேங்க்கை நிரப்புங்கள். திரும்ப எடுக்கும் நாளில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, ஃபில்டர் அடியிலிருக்கும் வடிப்புத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே கைப் பம்ப்பை அழுத்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் 200 மில்லி பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாகக் கோடு கட்டினால் தண்ணீர். சுத்த டீசல் வரும்வரை தொடருங்கள். திருகைக் கையாலேயே இறுக்கி, கைப் பம்ப் கெட்டியாகும்வரை அடித்தால் ஏர் போய்விடும். தண்ணீரைப் 'போக்கும்' அடிட்டிவ்களில் ஆல்கஹால் கலந்தவற்றைத் தவிர்க்கவும். அவை தண்ணீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டருக்கே அனுப்பும். சூடான நாசில் முனையில் அது ஆவியாகி முனையைச் சிதைக்கும். நம் வண்டிகளில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருப்பதால், அப்படியே வாங்கினாலும் தண்ணீரைத் தனியே பிரித்து அடியில் இறக்கும் வகைதான் பொருந்தும்.

பூஞ்சையை ஃபில்டரில் கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்கான மருந்து. வெறுமனே ஊற்றினால் செத்த கொழகொழப்பு முழுதும் ஃபில்டருக்கு வந்து நடுவழியில் நிறுத்தும். முதலில் டேங்க்கை இறக்கியோ, டீசல் அளவு காட்டும் மிதவை இருக்கும் துவாரம் வழியாகவோ சுத்தம் செய்து, புது டீசலில் லேபிள் சொல்லும் முதல்முறை அளவைக் கலக்க வேண்டும். அடுத்த சில நூறு கிலோமீட்டருக்குள் ஃபில்டர் இரண்டு தடவை மாறலாம். கையுறை இல்லாமல் தொடக்கூடாத மருந்து இது.

புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல் தொட்டியும், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டரும் இருக்கும் பி.எஸ். 6 வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரும்பு, சீரியம் போன்ற உலோகம் சேர்ந்த 'டி.பி.எஃப். கிளீனர்' கரியை எரிய வைக்கும். ஆனால் அந்த உலோகம் சாம்பலாக உள்ளேயே தங்கிவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. முகாமில் ஏ.சி.க்காக ஐடிலில் விடுவதைக் குறைப்பதும், டி.பி.எஃப். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் 20 நிமிடம் நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் எந்தப் பாட்டிலையும்விட நன்றாக வேலை செய்யும். யூரியா தொட்டியில் அடிட்டிவ் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும். வாரண்டி இருக்கும் வண்டியில் கையேட்டைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பில் கெடுதல் தெரியாது, பெரிய பலனும் இல்லை, டி.பி.எஃப். வண்டியில் அதன் சாம்பலும் சேரும். மண்ணெண்ணெய் எந்த வண்டிக்கும் ஆகாது. பம்ப்பின் வழவழப்பைத் தின்றுவிடும். டீசலே சந்தேகமாக இருந்தால் பாட்டிலைத் தேடாமல் பங்க்கில் அடர்த்தி பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை, காசு கேட்கக்கூடாது. பதிவேட்டில் உள்ள அளவோடு 15 டிகிரிக்குத் திருத்திய அளவு 0.003க்கு (கன மீட்டருக்கு 3 கிலோ) மேல் வேறுபடக்கூடாது.

கேம்பர்காரர்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம்: இந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றும். மிச்சம் வைத்த பாட்டிலைப் படுக்கைக்கு அடியிலோ சமையல் அடுப்புப் பக்கமோ வைத்துத் தூங்காதீர்கள். வெளியிலிருந்து பூட்டும் பெட்டி வண்டியில் இல்லையென்றால், ஒரே தடவையில் ஊற்றித் தீர்க்கும் அளவுள்ள சிறு பாட்டிலாக வாங்குங்கள்.