டோர் பேட் கழற்றும் பிளாஸ்டிக் செட்: நாலு துண்டில் உருப்படியானவை இரண்டு

ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று ஏதோ ஒரு நிறத்தில் நாலைந்து பிளாஸ்டிக் பட்டைகள், கூடவே சில சமயம் ஒரு ஜிப் பை. டோர் பேடை, அதாவது கார் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் ரெக்சின் போர்த்திய அட்டையை, நெம்பிக் கழற்றும் செட் இது. ஆன்லைனில் ‘டிரிம் ரிமூவல் டூல்’ என்று தேடினால் வந்து குவிவது இதுதான். விலை சுமார் ₹150-இல் தொடங்கி ₹400 வரை போகிறது. சென்னை ஜி.பி. ரோடு மாதிரியான ஆக்சசரிஸ் கடைத்தெருவில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் அச்சு ஏறக்குறைய ஒன்றே. அதனால் இது ஒரு பிராண்டைப் பற்றியது இல்லை, இந்த வகை செட்டைப் பற்றியது. எடைபோட எடுத்துக்கொண்டவை மாருதி 800, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ மாதிரி பதினைந்து, இருபது வருடம் வெயில் தின்ற கார்கள். புதுக் காரில், பேடைக் கதவோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் வளைந்து கொடுக்கும், எதை வைத்து நெம்பினாலும் வந்துவிடும். கருவியின் லட்சணம் பழைய காரில்தான் தெரியும்.

முதலில் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். எல்லா அட்டையிலும் ‘நைலான்’ என்றுதான் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பாதி நேரம் பாலிப்ரொப்பிலீனோ ஏபிஎஸ்ஸோதான். பட்டையின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் சொல்லிவிடலாம். மெழுகுபோல வழவழப்பாக இருந்து, சுலபமாக வளைந்து, வளைந்த இடம் வெள்ளையாகிவிட்டால் அது இறுகிய கிளிப் முன்னால் நிற்காது. முனை மடங்கும், விசை கிளிப்புக்குப் போகாமல் பட்டையிலேயே தீர்ந்துவிடும். சொரசொரப்பான மங்கல் பரப்போடு, விறைப்பாக, கொஞ்சம் கனமாக இருப்பதே வாங்கத்தக்கது. கண்ணாடி இழை கலந்த நைலான் இப்படித்தான் இருக்கும்.

‘கீறல் விழாது’ என்ற வாசகத்தை முழுதாக நம்ப வேண்டாம். அச்சிலிருந்து வந்த கூர்மையான விளிம்பு எல்லாத் துண்டிலும் இருக்கிறது. பளபளப்பான பிளாஸ்டிக்கிலும் குரோம் பட்டையிலும் அது கோடு போடும். 400 நம்பர் எமரி தாளில் நாலு இழுப்பு இழுத்து விளிம்பை மழுக்கிய பிறகே காருக்குள் கொண்டுபோக வேண்டும். நெம்பும் இடத்தில் பெயிண்ட் தெரிந்தால் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரைவிட இது மேல் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் டோர் பேடின் ஹார்டுபோர்டு விளிம்பை நசுக்கும், கதவின் பெயிண்டையும் பெயர்க்கும். பெயர்ந்த இடம் பேடுக்குப் பின்னால் மறைந்து, யார் கண்ணிலும் படாமல் துருப்பிடிக்கும்.

செட்டில் உருப்படியானது எது? அகலமான தட்டைப் பட்டை முதலில். பேடுக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே முதல் இடைவெளியை உண்டாக்க இதைவிட நல்லது வேறில்லை. அடுத்தது முனையில் V வெட்டு உள்ள வளைந்த துண்டு. கிளிப்பின் கழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குவது இதுதான். கொக்கி மாதிரி உள்ளது டேஷ்போர்டில் ஏசி வென்ட்டையும் ஸ்டீரியோவைச் சுற்றிய சட்டத்தையும் இழுக்க எப்போதாவது உதவும். குறுகலான உளி வடிவத் துண்டு பைக்குள்ளேயே கிடக்கும். பழைய காரில் அதைப் போட்டு அழுத்தினால், விசையெல்லாம் ஒரே புள்ளியில் விழுந்து பேடில் பள்ளம் பதியும்.

இந்த செட்டின் பெரிய குறை, கண்ணாடி ஏற்றும் வைண்டர் கைப்பிடிக்கு அதில் எதுவும் கிடையாது என்பதே. பவர் விண்டோ இல்லாத பழைய கார்களில் வைண்டரைக் கழற்றாமல் டோர் பேட் வராது. பெரும்பாலான கார்களில் கைப்பிடியின் அடியில் குதிரைலாட வடிவில் ஒரு ஸ்பிரிங் கம்பி கிளிப் அதைப் பிடித்திருக்கும். அதற்கென்று இரண்டு கால் உள்ள தட்டைக் கருவி தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் மெல்லிய பருத்தித் துணி போதும். பேடைக் கையால் உள்பக்கம் அழுத்திக்கொண்டு, கைப்பிடிக்கும் பின்னாலுள்ள பிளாஸ்டிக் வளையத்துக்கும் நடுவே துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமும் மாறி மாறி இழுங்கள். துணி கிளிப்பின் கால்முனையில் மாட்டி அதைத் தள்ளிவிடும். ஒரு பக்கமிருந்து வராவிட்டால் எதிர்ப்பக்கமிருந்து முயலலாம். கிளிப் தெறித்து எங்கேயோ போய் விழும், கண்ணுக்கு நேராகவும் வரலாம். இன்னொரு கையை மறைப்பாக வைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்வது நல்லது. கழற்றும் முன் கதவுக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துவிட்டால், திரும்ப மாட்டும்போது கைப்பிடி முழங்காலை இடிக்காது. மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் பொருத்திவிட்டு, கைப்பிடித் துளையின் பல்லைக் கதவிலிருந்து நீட்டும் தண்டின் பல்லோடு சேர்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு.

வைண்டர் வந்தபின் இழுப்புக் கைப்பிடி, ஆர்ம்ரெஸ்ட், உள் கைப்பிடிச் சட்டம் மூன்றின் ஸ்க்ரூக்களையும் எடுக்க வேண்டும். சிலவற்றின் தலையைச் சின்ன பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். ‘பேட் ஒரு இடத்தில் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது’ என்றால் பத்தில் ஒன்பது தடவை அங்கே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். வேகமாக இழுப்பவர்கள் பேடை உடைப்பது இந்த இடத்தில்தான். எத்தனை நல்ல செட் வைத்திருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

நெம்புவதைக் கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். அகலப் பட்டையால் விளிம்பைத் திறந்து, டார்ச் அடித்து, கிளிப் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு V துண்டைக் கிளிப்பின் கழுத்துக்கே கொண்டுபோய் நெம்ப வேண்டும். கிளிப்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நெம்பினால் கிளிப் வராது, ஹார்டுபோர்டுதான் கிழிந்து வரும். மழைத்தண்ணீர் குடித்து உப்பிய போர்டு அப்பளம்தான், விரல் பட்டாலே உதிரும். கீழே முடித்து, இரண்டு பக்கமும் ஏறி, கடைசியில் மேல் விளிம்பு. மேல் விளிம்பு கண்ணாடி ரப்பருக்குள் கொக்கிபோல மாட்டியிருக்கும் கார்களில் பேடை நேராக உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், மேலே தூக்குங்கள். பின்னால் ஸ்பீக்கர், ஸ்விட்ச் வயர் இருந்தால் பேடை அதில் தொங்கவிடக் கூடாது. கனெக்டரின் பூட்டை அழுத்தித்தான் பிரிக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

கிளிப் உடையும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் குணம் அது, கருவி மேல் பழி போட வேண்டாம். தலை பேடிலும் கால் கதவிலும் தங்கிவிட்டால், நிப்பரால் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். உள்ளே தள்ளிவிட்டால் கதவுக்குள் விழுந்து கடகடக்கும். போதாக்குறைக்குக் கதவின் அடியிலுள்ள வடிகால் துளையை அடைத்து, தண்ணீர் தேங்க வழி செய்யும். பேடைத் திறந்ததும் அந்தத் துளைகளைக் கம்பியால் குத்திப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரு கதவுக்கு அரை டஜன் உபரி கிளிப்பாவது கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. துளையை வெர்னியர் காலிப்பரில் அளந்துவிட்டு வாங்குங்கள். ‘800 கிளிப்’ என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கொடுப்பார், 1 மி.மீ. தளர்ந்தாலும் மோசமான ரோட்டில் பேட் பேசிக்கொண்டே வரும். சில செட்டுகளோடு இலவசமாக வரும் கலவை கிளிப் பாக்கெட்டில் உங்கள் காருக்குப் பொருந்துவது நாலைந்துகூட இருக்காது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கிளிப் மாட்டும் துளை போர்டிலேயே கிழிந்திருந்தால், பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தகட்டில் அதே வடிவத் துளை போட்டு எபாக்ஸியால் ஒட்டலாம். எம்-சீல் மட்டும் வைத்து அடைத்தால் அடுத்த தடவை கழற்றும்போது கட்டியாகப் பெயர்ந்து வரும். விளிம்பில் கிளம்பிய ரெக்சினுக்கு ஃபெவிகால் எஸ்ஆர் வகைப் பசை சரி. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு அழுத்த வேண்டும்.

நேரமும் ஒரு விஷயம். வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் இளகி வளைந்து கொடுக்கும், நல்லதுதான். ஆனால் ரெக்சின் பசையும் இளகும், பேடுக்குப் பின்னால் தண்ணீர் மறைக்கும் பாலித்தீன் ஷீட்டை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையும் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். காலையில், நிழலில், கதவுகளைத் திறந்துவைத்துச் செய்வதே நிம்மதி. அந்த ஷீட்டைக் கிழித்து எறிந்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதன் பலன் அடுத்த மழையில் ஹார்டுபோர்டு உப்புவதுதான். கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீனை வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள், கீழ் முனை கதவுக்குள் போகிற மாதிரி. அப்போதுதான் வழியும் தண்ணீர் உள்ளேயே இறங்கி வடிகாலுக்குப் போகும்.

பில்லர் டிரிம் (கூரையைத் தாங்கும் தூண்களை உள்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக்), வாசல்படிப் பட்டை வேலைகளில் இந்த செட் நன்றாகவே தேறுகிறது. எது எதன்மேல் படிந்திருக்கிறது என்பதே அங்கே கேள்வி. கழற்றும் வரிசை இது: கதவு பீடிங் ரப்பர், பிறகு வாசல்படிப் பட்டை, பிறகு கீழ் பில்லர், கடைசியில் மேல் பில்லர். நடுவில் ஆணி உள்ள இரட்டைக் கிளிப் வந்தால் அந்த ஆணியை முதலில் தூக்க வேண்டும். அதைத் தூக்காமல் நெம்பினால் கால் விரிந்தபடியே உடையும். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே பக்கத்தில் போக வேண்டும்.

எப்போதாவது ஸ்பீக்கர் மாற்றுகிறவருக்கு விறைப்பான நாலு துண்டு செட்டும் வைண்டருக்கு ஒரு துணியும் போதும். மாதம் இரண்டு கார் பிரிப்பவர் பிளாஸ்டிக்கை இடைவெளி திறக்க மட்டும் வைத்துக்கொண்டு, கிளிப்பைத் தூக்க பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்டீல் ஃபோர்க் ஒன்று தனியாக வாங்கட்டும். அதன் V வெட்டு கிளிப் கழுத்தைவிட நூலளவு மட்டும் அகலமாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் தலை நழுவி, ஸ்டீல் நேரே பெயிண்டில் போய் இறங்கும்.