மெர்லினிடம் ஓர் உள்ளானைக் காட்டினால்

பறவைப் படம் எடுப்பவர்கள் பலருடைய போனில் மெர்லின் இருக்கிறது. பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆப் அது, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் இலவசமாக வெளியிட்டது. 2021-இல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி வந்த பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். நான் எழுத வந்தது படத்தைப் பார்த்துச் சொல்லும் பகுதியைப் பற்றி. அதிலும் மீன்கொத்தி, பனங்காடை மாதிரி சுலபமான பறவைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் படம் தெளிவாக இருந்தால் சட்டென்று சொல்லிவிடும்.

பயன்படுத்துவதில் சிரமம் எதுவும் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுத்து, பறவை கட்டத்தை நிரப்பும்வரை பெரிதாக்கி, எங்கே எப்போது எடுத்தது என்று கொடுத்தால் போதும். அந்த வட்டாரத்தின் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்கிறது. இடமும் தேதியும்தானே என்று சோம்பல்பட வேண்டாம். பறவை பார்ப்பவர்கள் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்த பட்டியல்களைக் கொண்டுதான், அந்தப் பக்கம் அந்த மாதத்தில் என்னென்ன இருக்கும் என்பது அதற்குத் தெரிகிறது.

சரி, சிக்கலுக்கு வருவோம். சேற்றோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உள்ளானை இறகு இறகாகத் தெரியும்படி எடுத்துவிட்டாலும், அது விசிறிவால் உள்ளானா ஊசிவால் உள்ளானா என்று அடித்துச் சொல்வது கஷ்டம். சங்கதி இருப்பது மூடிய இறக்கையிலும் மூடிய வாலிலும். விசிறிவால் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், இறக்கையின் அடிப்பக்கத்திலும் வெள்ளைப் பட்டை இருக்கும். ஊசிவாலுக்குப் பின்விளிம்புக் கோடு மங்கல், அடிப்பக்கம் முழுக்கக் கருமையான வரிகள். வால் தெரிந்துவிட்டால் வழக்கே முடிந்தது. விசிறிவாலுக்கு வழக்கமாக 14 வால் இறகுகள். ஊசிவாலுக்கு 26 அளவில் இருக்கும், ஓரத்தில் உள்ளவை குச்சி குச்சியாக ஒடுங்கியிருக்கும். கோதிக்கொள்ளும்போதும் தரையிறங்கும்போதும் ஒரு கணம் அந்த வால் விரியும். அந்த நேரத்தில் விரலை எடுக்காமல் படமாகச் சுட்டுத் தள்ள வேண்டியதுதான்.

கொசு உள்ளானையும் டெம்மிங்க் உள்ளானையும் பிரிப்பதிலும் இதே கதைதான். கால் கறுப்பா, பச்சை மஞ்சளா என்று பார்த்துப் பிரிக்கலாம் என்பார்கள். சேறு பூசிய கால் எல்லாமே கறுப்புத்தான்! டெம்மிங்க் உள்ளானுக்கு வால் ஓரம் தூய வெள்ளை, கொசு உள்ளானுக்குச் சாம்பல். அதையும் பறக்கிற படத்தில்தான் பார்க்க முடியும். கதிர்க்குருவிகள் இன்னும் மோசம். வெயில் கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் இறக்கையில் இருக்கும் மெல்லிய வெளிர்பட்டை படத்தில் காணாமல் போய்விடும். சாயங்கால வெளிச்சம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும்.

இங்கேதான் மெர்லின் தரும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி வருகிறது. அது பெயரைச் சொல்லும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல படங்களும் குறிப்பும் தரும். எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னது என்று சொல்லாது. ஆகவே பூனைப்பருந்து என்று வந்தால் நான் இறக்கை நுனியில் விரல் மாதிரி பிரியும் இறகுகளை எண்ணிப் பார்ப்பேன். மாண்டேகு பூனைப்பருந்துக்கும் வெளிர் பூனைப்பருந்துக்கும் நான்கு, ஐரோப்பாவில் காணும் ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்துக்கு ஐந்து. இளம் பறவையாக இருந்தால் கழுத்தில் வெளிர் வளையம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இருந்தால் வெளிர் பூனைப்பருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆப் காட்டும் படங்களை இந்த வேலைக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். அதற்கே இதை வைத்திருக்கலாம்.

படம் பதில் சொல்லாவிட்டால் வலிந்து ஒரு பெயரை ஒட்ட வேண்டியதில்லை. இ-பேர்டில் ஊசிவாலையும் அதைப் போலவே இருக்கும் சுவின்ஹோ உள்ளானையும் சாய்கோடு போட்டு ஒரே பதிவாகப் போட வழி இருக்கிறது. ஆதாரம் கேட்டு விவாதிக்க ஆள் வேண்டுமானால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளம் இதைவிட மேல். அங்கே மனிதர்கள் காரணத்தோடு மறுப்பார்கள்.

மெர்லினில் படங்களை ஒவ்வொன்றாகத்தான் காட்ட முடிகிறது. இருக்கிற படங்களில் அழகானதைத் தேடாமல், வால் விரிந்தது, இறக்கை தூக்கியது என்று பார்த்துக் கொடுங்கள், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.