வீட்டுக்கு மைனிங் மெஷின் வாங்க நினைக்கும் நம் கொங்குப் பகுதி மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் கிரிப்டோ மைனிங் மெஷின்கள், அதாவது ஓயாமல் கணக்குப் போட்டு பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணத்தைச் சம்பாதிக்கும் கருவிகள், விற்கும் ஒரு கடையில் 1,38,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ‘வீட்டிலிருந்தே பிட்காயின்’ என்று முகநூலில் விளம்பரம் செய்து, நேரில் வருகிறவர்களின் கையில் மெஷின்களை ஒப்பிடும் அச்சிட்ட அட்டவணை ஒன்றைக் கொடுக்கும் கடை என்று மட்டும் சொல்கிறேன். மோசடி அந்த அட்டவணையிலேயே தொடங்குகிறது என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதில் ஆன்ட்மைனர் எஸ்9, எஸ்19, எஸ்21 ஆகிய மூன்று மாடல்கள் இருந்தன. விலை, வேகம், மாத வருமானம் எல்லாவற்றையும் போட்டவர்கள், ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் செலவாகிறது என்ற கணக்கை மட்டும் விட்டிருந்தார்கள். டெராஹாஷ் என்பது ஒரு லட்சம் கோடி கணக்கு முயற்சிகள்; நொடிக்கு எத்தனை டெராஹாஷ் என்பதுதான் மெஷினின் வேகம். மெஷின்களை ஒப்பிட உண்மையில் வேண்டியது அந்தக் கணக்குத்தான்; ஜூல் குறையக் குறைய அதே வேலைக்குக் கரண்டுச் செலவு குறையும். 2016இல் வந்த எஸ்9, 13.5 டெராஹாஷ் வேகத்துக்கு 1,300 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. டெராஹாஷுக்கு ஏறக்குறைய 100 ஜூல். 2020இல் வந்த எஸ்19, 95 டெராஹாஷுக்கு 3,250 வாட், அதாவது 34 ஜூல். எஸ்21, 200 டெராஹாஷுக்கு 3,500 வாட், அதாவது 17.5 ஜூல். இந்த ஒரு வரிசை அட்டவணையில் இருந்திருந்தால், எஸ்19தான் வீட்டுக்கு ஏற்ற மாடல் என்று அவர்களால் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

வருமானக் கணக்கு அதைவிடக் கொடுமை. ஒரு பிளாக்குக்கு, அதாவது பிட்காயின் கணக்கேட்டில் சேர்க்கும் ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும், கிடைக்கும் பரிசு 2024 ஏப்ரலில் 6.25 பிட்காயினிலிருந்து 3.125ஆகக் குறைந்துவிட்டது. அட்டவணையில் இன்னும் பழைய 6.25தான் இருக்கிறது. மின்சாரத்தை யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். 3,250 வாட் மெஷின் ஒரு நாளைக்கு 78 யூனிட், இரண்டு மாதத்துக்கு 4,680 யூனிட் ஓட்டும். வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டைத் தாண்டிவிட்டால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் என்பது பில் கட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் மெஷினுக்கு மட்டுமே இரண்டு மாதத்துக்கு 50,000 ரூபாயை ஒட்டி வரும். இதைக் கேட்டபோது, “கரண்டுதான் யோசனைன்னா தறிக் குடோன் சர்வீஸ்ல மாட்டிக்குங்கண்ணா, யாருங்க பாக்கப்போறாங்க?” என்றார் கடைக்காரர். நெசவுக்கென்று கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் இரண்டு மடங்குக் கட்டணம் விதிப்பார்கள். விசைத்தறிக்காரர்கள் போராடி வாங்கிய சலுகையைக் கெடுப்பதற்கு ஒரு வியாபாரி யோசனை சொல்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் தாங்கவில்லை.

கரண்டுக் கணக்கில் சந்தேகம் இருந்தும் பணம் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை வந்தது எப்படி என்று கேட்பீர்கள். கடையில் ஓர் எஸ்19 ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில் 95 டெராஹாஷ் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். உடன் வந்த என் மச்சானின் ஊரை விசாரித்து, அவினாசிப் பக்கம் தனக்கும் சொந்தம் இருப்பதாகச் சொன்னார் கடைக்காரர். கரண்டுச் செலவு முழுவதையும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் உறுதியாகச் சொன்னார். பிறகு உள்ளேயிருந்து சீல் ஒட்டிய புதுப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பிரித்து ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “சீல ஒடச்சா வாரண்டி போயிருங்கண்ணா. நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்றார். பெரியவர்களிடம் பேசும் பணிவோடுதான் அதையும் சொன்னார். சீட்டு எடுத்து வைத்திருந்த 1,38,000 ரூபாய் அங்கேயே அவருடைய கணக்குக்குப் போனது.

வீட்டில் இணைத்தபோது 63 டெராஹாஷுக்கு மேல் ஏறவே இல்லை. எஸ்19இல் கணக்குப் போடும் சிப்புகள் உள்ள ஹாஷ்போர்டுகள் மூன்று இருக்க வேண்டும். திரையில் இரண்டுதான் தெரிந்தன. மூன்றாவது செத்துப்போன போர்டு. உள்ளே பழைய தூசு அப்பியிருந்தது. வெளிக்கூட்டில் ஒட்டிய வரிசை எண்ணும் போர்டுகளில் இருந்த எண்களும் பொருந்தவில்லை. புதிது என்று விற்றது, பல மெஷின்களிலிருந்து கழற்றிச் சேர்த்த பழைய சரக்கு.

அன்றைக்கே போன் செய்தேன். சர்வீஸ் பார்க்கும் பையன் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து, மாரியம்மன் நோம்பி முடியட்டும் என்றார்கள். நோம்பி முடிந்த பிறகு, எங்கள் ஊர் வோல்டேஜ்தான் போர்டைக் கெடுத்தது என்றார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரில் போனபோது, முன்பு டீ வாங்கிக்கொடுத்த அதே மனிதர் நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார். மெஷினின் பெயரோ வரிசை எண்ணோ இல்லாமல், ‘கணினி உதிரி பாகங்கள், 1,38,000’ என்று மட்டும் எழுதிய பில் அது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும், லாபத்துக்காக வாங்கிய பொருளை அங்கே எடுக்கமாட்டார்கள், தாராளமாகப் போங்கள் என்று சிரித்தார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. அதை அவர் சொல்லவில்லை. இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

எந்த மெஷின் வாங்கலாம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. வாட்டை டெராஹாஷால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் எடுத்துப்போகும் அதே மெஷினை ஒரு மணி நேரமாவது ஓட்டி, மூன்று போர்டும் வேலை செய்வதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் மாடலும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு, மைனிங் செலவு எதையும் அதில் கழிக்க முடியாது. கழிக்கலாம் என்பவர் பொய் சொல்கிறார். 75 டெசிபல் சத்தம், அக்கம்பக்கத்தில் தூங்கமாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே கடையில் இதே மாதிரி பில் வாங்கியவர்கள் இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள், மெஷினைக் கழற்றாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.