அகத்தியருக்குப் பரானல், துருவ நட்சத்திரத்துக்கு வில்சன் மலை

மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணிபோல இரணைமடுக் குளக்கட்டில் நின்றால், வடக்கே வயல்வெளிக்கு மேல் தாழ்வாகத் துருவ நட்சத்திரம், தெற்கே தண்ணீருக்கு மேல் அகத்தியர் என்ற நட்சத்திரம் (கனோபஸ்). வன்னி 9 பாகை வடக்கில் இருப்பதால் இரண்டும் தெரிகின்றன. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து நட்சத்திரங்களின் வட்ட முகத்தையே அளக்கிற கருவிக்குத் தலையீட்டுமானி என்று பேர். அதில் இரு பெரியவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கலிபோர்னியாவின் வில்சன் மலையிலுள்ள சாராவுக்கு அகத்தியர் 3 பாகைக்கு மேல் ஏறாது. சிலியின் பரானலிலுள்ள வி.எல்.ரி.ஐ.க்குத் துருவ நட்சத்திரம் உதிப்பதே இல்லை.

பரானலில் 8.2 மீற்றர் கண்ணாடிகள் நான்கு. சாராவில் வெறும் 1 மீற்றர் தொலைநோக்கிகள் ஆறு. பத்திரிகைகள் பரானலைத்தான் கொண்டாடும். ஆனால் இங்கே நுணுக்கத்தைத் தருவது கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம். சாராவில் அது 331 மீற்றர். பரானலின் பெரிய கண்ணாடிகளுக்கு 130, நகர்த்தக்கூடிய 1.8 மீற்றர் கண்ணாடிகளுக்கு 200 வரை.

தூரம் கூடினால் தொல்லையும் கூடும். 45 பாகை உயரத்தில் நிற்கும் நட்சத்திரத்தின் ஒளி, 331 மீற்றர் தள்ளியுள்ள இரண்டு தொலைநோக்கிகளில் ஒன்றுக்கு மற்றதைவிட 230 மீற்றர்வரை கூடுதலாகப் பயணிக்க நேரலாம். அதை மைக்ரோனின் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்னம்வரை சரிக்கட்ட வேண்டும். பூமி சுற்றச் சுற்ற வித்தியாசமும் மாறும். அதனால் கண்ணாடி பூட்டிய வண்டிகள் இரவு முழுக்கத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பலன்களைப் பார்ப்போம். 2007இல் சாராவின் உதவியோடு திருவோணத்தின் படம் வந்தது: வேகமாகச் சுழல்வதால் இடுப்புப் பருத்து, அந்த இடம் மங்கிய நட்சத்திரம். 2024இல் துருவ நட்சத்திரத்தின் முகத்தில் புள்ளிகள். பரானல் 2017இல் கேட்டை நட்சத்திரத்தின் வளிமண்டலத்தில் வாயு எந்த இடத்தில் என்ன வேகத்தில் நகர்கிறது என்று வரைபடம் போட்டது. மங்கலான பொருட்களில் பரானலை அடிக்க ஆளில்லை; 2019இல் வேறொரு சூரியனின் கோளிலிருந்தே நேரடியாக ஒளி பிடித்தது. கோளும் கருந்துளையும் வேண்டுமென்றால் பரானல். பிரகாசமான நட்சத்திரத்தின் முகம்தான் வேண்டுமென்றால் என் வாக்கு சாராவுக்கு.

சரி, இந்த வண்டி, தண்டவாளம் எதுவுமே வேண்டாம் என்ற மூன்றாவது வழியும் உண்டு. அவுஸ்திரேலியாவின் நரப்ரையில் வானியலாளர் ஹன்பரி பிரவுனின் குழு ஒளியைச் சேர்க்கவில்லை. இரண்டு 6.5 மீற்றர் கண்ணாடிகளில் விழுந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கம்பிவழி கொண்டுவந்து ஒப்பிட்டது. அதற்குத் துல்லியமாக வடித்த கண்ணாடிகூடத் தேவையில்லை, சுமாரானதே போதும். 32 நட்சத்திரங்களை அளந்தார்கள், அகத்தியரும் அதில் ஒன்று. பிரகாசமான, சூடான நட்சத்திரங்களோடு அதன் கதை நின்றுவிட்டது. ஆனால் காமாக்கதிர் பார்க்கக் கட்டிய வெரிற்றாஸ் தொலைநோக்கிகள் 2020இல் அதே முறையில் இரண்டு நட்சத்திரங்களை அளந்தன. அதில் ஒன்று, வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டியில் நடுவே இருப்பது.